அண்டை வீட்டார் எழுதிவைத்த வரலாறு: நுபியா ஓர் அறிமுகம்

தமிழ் விவிலியம் வாசித்தவர்களுக்கு இரண்டு பெயர்கள் நினைவிருக்கலாம். எருசலேமை அசீரியர்கள் மிரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், எத்தியோப்பிய ராஜா திராக்கா போருக்குக் கிளம்பிவிட்டான் என்று ஒரு செய்தி வரும். இன்னோர் இடத்தில், எத்தியோப்பியர்களின் அரசி கந்தாகேயின் பொக்கிஷங்களுக்குப் பொறுப்பான மந்திரி, ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைப் படித்துக்கொண்டே போவார். இந்த இரண்டு எத்தியோப்பியாவும் இன்றைய எத்தியோப்பியா அல்ல. கந்தாகே என்பதும் யாருடைய பெயரும் அல்ல, அது ஒரு பட்டம். கிரேக்கர்கள் எகிப்துக்குத் தெற்கே இருந்த கருநிற மக்கள் எல்லோரையும் ‘வெயிலில் கருகிய முகத்தார்’ என்ற பொருளில் எத்தியோப்பியர் என்றார்கள். அந்தப் பெயர்தான் மொழிபெயர்ப்பு வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. எகிப்தியர்கள் அதே நாட்டைக் கூஷ் என்றார்கள். இன்று நாம் நுபியா என்கிறோம்.

ஒரே நாட்டுக்கு இத்தனை பெயர், அதில் பாதிக்கு மேல் வெளியார் வைத்தது. நுபிய வரலாற்றின் சிக்கலே இதுதான். அந்த மக்களுக்கென்று சொந்த எழுத்து வந்தது கி.மு. 2-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான். அதற்கு முந்தைய இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு, மண்ணைத் தோண்டி எடுத்தது போக மீதி எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்ன சேதி. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களோ எகிப்து, அசீரியா, ரோம் என்று ஆளாளுக்கு வல்லரசு. அவர்கள் நுபியர்களைப் பற்றி நல்லதாக எழுதியது குறைவு. ஆனாலும் திட்டுகிறவன் வாயிலிருந்தே நிறைய விஷயம் கறந்துவிடலாம்.

முதலில் நிலம். எகிப்தின் தெற்கு வாசல் அஸ்வான். அங்கிருந்து சூடான் தலைநகர் கார்ட்டூம் வரை நைல் பாயும் பகுதியைத்தான் பொதுவாக நுபியா என்பார்கள். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதனால் ‘மேல் நுபியா’ வரைபடத்தில் கீழேயும், ‘கீழ் நுபியா’ மேலேயும் இருக்கும். புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தடுமாறும் இடம் இது, எனக்குப் பழக ஒரு மாதம் ஆனது. வழியில் ஆறு இடங்களில் ஆற்றுப்படுகையிலிருந்து கரும்பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அருவி என்று சொல்ல முடியாது, தண்ணீர் பாறைக்குப் பாறை மோதிச் சுழித்து ஓடும். படகைக் கயிறு கட்டி இழுக்க வேண்டும், அல்லது சரக்கை இறக்கிக் கரையில் சுமக்க வேண்டும். முதல் பாறைத்தடை அஸ்வானில், ஆறாவது கார்ட்டூமுக்குச் சற்று வடக்கே. இரு கரையிலும் பாலைவனம் என்பதால் ஆற்றை விட்டால் வழி அரிது. பாறைத்தடையில் உட்கார்ந்திருப்பவன் கையில்தான் வியாபாரத்தின் பிடி.

வியாபாரம் சாதாரணமானதும் இல்லை. தங்கம், யானைத் தந்தம், கருங்காலி, சாம்பிராணி, சிறுத்தைத் தோல், மாடு, அடிமைகள் என்று எகிப்திய அரண்மனையும் கோயிலும் ஆசைப்பட்டதெல்லாம் நுபியாவிலிருந்தோ நுபியா வழியாகவோ வந்தன. கூடவே வில்லாளிகளும். எகிப்தியர்கள் இந்த நாட்டுக்கு வைத்த பழைய பெயர்களில் ஒன்று தா-செட்டி, அதாவது வில்லின் நாடு. அஸ்யூத் என்ற ஊரில் ஓர் எகிப்திய அதிகாரியின் கல்லறைக்குள் மரப்பாச்சி போல ஒரு படைப்பிரிவு கிடைத்தது. வரிசையாக 40 நுபிய வில்லாளிகள், கையில் வில்லும் அம்பும். சாகும்போதுகூட அவர்களைக் காவலுக்கு வைத்துக்கொள்ளத் தோன்றியிருக்கிறது அந்த மனிதருக்கு.

மிகப் பழைய நுபியர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் சோகமானவை: ஏ-குழு, சி-குழு. தங்களை அவர்கள் என்னவென்று அழைத்துக்கொண்டார்கள் என்று தெரியாததால், ஜார்ஜ் ரைஸ்னர் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் ஆங்கில எழுத்தை ஒட்டிவிட்டார். நடுவில் பி-குழு என்றும் ஒன்று இருந்தது, அப்படித் தனியாக ஒரு கூட்டமே இல்லை என்று பிறகு கைவிட்டார்கள். ஏ-குழுவினர் கி.மு. 3800 வாக்கில் தொடங்கி, எகிப்து ஒரே அரசாகத் திரண்ட காலத்தை ஒட்டிக் காணாமல் போகிறார்கள். ஸ்நெஃப்ரு என்ற எகிப்திய மன்னர் நுபியாவிலிருந்து 7,000 கைதிகளையும் 2,00,000 கால்நடைகளையும் கொண்டுவந்ததாக ஓர் எகிப்தியக் கல்வெட்டு சொல்கிறது. ராஜாக்கள் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் எதற்காகப் போனார்கள் என்பது புரிந்துவிடும்.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. 1960-களில் அஸ்வான் உயர் அணை எழும்பியபோது கீழ் நுபியா முழுவதும் தண்ணீருக்குள் போகப்போகிறது என்று யுனெஸ்கோ உலக நாடுகளைக் கூப்பிட்டது. இந்தியாவும் போனது. பி.பி. லால் தலைமையில் இந்தியத் தொல்லியல் குழு 1961-62-இல் அஃபியே என்ற இடத்தில் தோண்டி, ஏ-குழு, சி-குழு மக்களின் தடயங்களை எடுத்தது. அந்த மக்களின் பானைகளில் வாயும் உட்புறமும் கறுப்பு, வெளியே சிவப்பு. ஆதிச்சநல்லூர், கீழடி படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சட்டென்று சொந்தம் போலத் தோன்றும். பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் படாத பகுதி கறுக்கும், காற்றுப் பட்டது சிவக்கும், அவ்வளவுதான் நுட்பம். இரண்டுக்கும் நடுவே ஒரு கடலும் பல நூற்றாண்டுகளும் கிடக்கின்றன. எனவே ‘நுபியரும் தமிழரும் ஒன்று’ என்று வாட்ஸப்பில் யாராவது அனுப்பினால், பானையைக் கவிழ்த்துச் சுடும் கதையைச் சொல்லி அனுப்பி வையுங்கள்.

எகிப்து எப்போதும் படையோடுதான் வந்தது என்றில்லை. கி.மு. 2300-ஐ ஒட்டி வாழ்ந்த ஹர்க்கூஃப் என்ற அதிகாரி, அஸ்வானில் உள்ள தன் கல்லறைச் சுவரில் தெற்கே யாம் என்ற நாட்டுக்குப் போய்வந்த பயணங்களை எழுதி வைத்திருக்கிறார். ஒரு பயணத்தில் 300 கழுதைகளில் சாம்பிராணி, கருங்காலி, தந்தம், தோல் என்று ஏற்றிக்கொண்டு திரும்புகிறார். வழியில் இருந்த நுபியத் தலைவர்கள் அவரை மறிக்காமல் விட்டதற்குக் காரணம், யாம் நாட்டு வீரர்கள் கூடவே துணைக்கு வந்ததுதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இன்னொரு முறை ஒரு குள்ள மனிதரைக் கூட்டி வருகிறார். அப்போது எகிப்தின் அரசன் சிறுவன் பெப்பி. ஆவல் தாங்காமல் கடிதம் போடுகிறான்: அவரைப் பத்திரமாகக் கூட்டி வா, தண்ணீரில் விழுந்துவிடாமல் ஆள் போடு, ராத்திரி பத்துத் தடவை எட்டிப் பார். ஹர்க்கூஃப் அந்தக் கடிதத்தையும் முழுசாகக் கல்லறையில் செதுக்கிக்கொண்டார்.

அடுத்த சில நூற்றாண்டுகளில் இந்தத் தொனி மாறிவிடுகிறது. கி.மு. 19-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் செனுஸ்ரெட் காலத்தில் இரண்டாம் பாறைத்தடையை ஒட்டி எகிப்தியக் கோட்டைகள் வரிசையாக நின்றன. பூஹென், மிர்கிஸ்ஸா, உரோனார்த்தி, செம்னா. பூஹெனின் செங்கல் சுவர் சுமார் 5 மீட்டர் தடிமன், வெளியே அகழி, அம்பெய்யத் துளைகள். செம்னாவில் ஓர் எல்லைக்கல்: இதைத் தாண்டி நீர்வழியாகவோ நிலவழியாகவோ எந்த நுபியனும் வடக்கே வரக் கூடாது, சந்தைக்கோ தூதுக்கோ வருபவர்களைத் தவிர. இன்னொரு கல்லில் அதே மன்னர், நுபியர்கள் கோழைகள், அடித்தால் ஓடுவார்கள் என்கிறார். சரி, கோழைகளுக்கு எதற்கு 5 மீட்டர் சுவர்? கோட்டைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: ‘மெஜாய்களை விரட்டுவது’, ‘விற்களைத் தடுப்பது’. மெஜாய்கள் என்பவர்கள் கிழக்குப் பாலைவனத்து நுபிய மக்கள். பயம் பெயரிலேயே எழுதியிருக்கிறது.

அந்தக் கோட்டைகளிலிருந்து போன சில அறிக்கைகள் பாப்பிரஸில் தப்பிக் கிடைத்திருக்கின்றன. வீரதீரம் எதுவும் இருக்காது. ரோந்து போனவர்கள் பாலைவன ஓரத்தில் 32 ஆட்களும் 3 கழுதைகளும் நடந்த தடம் பார்த்தோம் என்று வந்து சொல்கிறார்கள், எழுத்தர் அதைக் குறித்து மேலிடத்துக்கு அனுப்புகிறார். மூன்று கழுதைக் குளம்படிகூட அரசாங்கக் கோப்பில் ஏறிய எல்லை அது.

யாருக்காக இத்தனை ஏற்பாடு? தெற்கே, மூன்றாம் பாறைத்தடைக்கு அருகில், கெர்மா என்ற நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. கி.மு. 2500 முதல் 1500 வரை சுமார் ஆயிரம் ஆண்டுகள். நகர நடுவில் மண் செங்கலால் ஒரு பெரும் கோயில் மேடு. அந்த ஊர்க்காரர்கள் தெஃபூஃபா என்று சொல்லும் அது இன்றும் 18 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அரசர்களை வட்டமான மண்மேடுகளுக்குக் கீழே புதைத்தார்கள். பெரிய மேடுகளின் குறுக்களவு 90 மீட்டர். ஒரு தலைவரின் மேட்டைச் சுற்றி 4,000-க்கும் மேற்பட்ட மாட்டு மண்டையோடுகள் பிறை வடிவில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கடைசிக் காலத்து மேடுகளில் மனிதர்களும் பலியாகிப் புதைந்திருக்கிறார்கள், ஒன்றில் மட்டும் 300 பேருக்கு மேல். பெருமையாக மட்டுமே சொல்லிவிட்டுப் போகக்கூடிய நாகரிகம் உலகில் எங்கேயும் இல்லை.

இந்தக் கெர்மாவை 1913 முதல் 1916 வரை தோண்டியவர் அதே ரைஸ்னர்தான். மண்மேட்டுக்குள் எகிப்தியச் சிலைகள் கிடைத்தன. அஸ்யூத் ஆளுநர் ஜெஃபைஹாப்பி, அவர் மனைவி சென்னுவி. ரைஸ்னர் தீர்மானித்துவிட்டார்: இது எகிப்திய ஆளுநர் ஒருவரின் காவல் ஊர், பெரிய மேடு அவருடைய கல்லறை. இத்தனை பெரிய காரியத்தை நுபியர்கள் செய்திருப்பார்கள் என்று அவரால் யோசிக்கவே முடியவில்லை. அவர் தோண்டிய முறை அந்தக் காலத்துக்கு நேர்த்தியானது, குறிப்புகள் துல்லியம். மண் சொன்னதைச் சரியாக எழுதிக்கொண்டு, பொருள் சொல்லும்போது மட்டும் தன் காலத்து இனவெறிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எகிப்திய ஆளுநரின் சிலை கெர்மாவில் இருப்பதற்கு வேறொரு விளக்கம் உண்டு: கொள்ளை. 2003-இல் எகிப்தின் எல்-காப் ஊரில் சோபெக்நக்த் என்ற ஆளுநரின் கல்லறைச் சுவரைத் துடைத்தபோது ஓர் எழுத்துப் பொறிப்பு வெளிப்பட்டது. கூஷ் கிளம்பி வந்தது, பக்கத்து மக்களையெல்லாம் திரட்டிக்கொண்டு எகிப்துக்குள் நுழைந்தது என்று அலறுகிறது அது. எகிப்திய மன்னர்களின் கல்வெட்டுகள் இந்தப் படையெடுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்தச் சமயம் எகிப்தின் வடக்கை ஆசியாவிலிருந்து வந்த ஹிக்சோஸ் அரசர்கள் பிடித்திருந்தார்கள். தெற்கே தீப்ஸில் இருந்த காமோஸ் மன்னர், ஒரு பக்கம் ஆசியன், ஒரு பக்கம் நுபியன், நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று கல்வெட்டிலேயே புலம்புகிறார். பாலைவனப் பாதையில் அவருடைய ஆட்கள் ஒரு தூதனைப் பிடிக்கிறார்கள். அவன் கையில் ஹிக்சோஸ் அரசன் கூஷ் அரசனுக்கு எழுதிய கடிதம்: நீ தெற்கிலிருந்து வா, எகிப்தின் ஊர்களை நாம் பங்கு போட்டுக்கொள்வோம். கூஷ் அன்று எகிப்தைக் கூறுபோடும் பேரத்தில் சமபங்காளி.

தீப்ஸ் மீண்டது, ஹிக்சோஸை விரட்டியது, அடுத்து தெற்கே திரும்பியது. கி.மு. 1500-ஐ ஒட்டி முதலாம் துத்மோஸ் கெர்மாவை வீழ்த்தினார். நுபியத் தலைவன் ஒருவனின் பிணத்தைக் கப்பலின் முகப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டு வீடு திரும்பினார் என்று அவருடைய தளபதி ஒருவர் பெருமையாகச் சொல்கிறார். அதன்பின் சுமார் 400 ஆண்டுகள் நுபியா எகிப்தின் கீழ். ஆண்டவருக்கு ‘கூஷின் அரசகுமாரன்’ என்று பதவிப்பெயர், பெரும்பாலும் அரசனின் மகனாக இருக்க மாட்டார். நுபியத் தலைவர்களின் பிள்ளைகள் எகிப்திய அரண்மனையில் வளர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஹெக்கானெஃபர் என்பவரை நாம் இரண்டு இடத்தில் பார்க்கலாம். துட்டன்காமுனின் நுபிய ஆளுநர் ஹூயின் கல்லறை ஓவியத்தில், அவர் நுபிய உடையில் மண்டியிட்டுக் கப்பம் கட்டுகிறார். தோஷ்காவில் அவர் தனக்கென்று வெட்டிய கல்லறையில் அசல் எகிப்தியக் கனவானாக இருக்கிறார். ஒரே ஆள்தான், படம் யார் சுவரில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். இந்த ஒரு ஜோடிப் படத்தைத்தான் நுபியா பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது.

எகிப்தியர்கள் விட்டுச்சென்றவற்றில் ஒன்று திருப்பி அடித்தது. நான்காம் பாறைத்தடைக்கு அருகே ஜெபெல் பர்கல் என்று தட்டையான தலையுள்ள ஒரு தனிமலை. அதன் ஓரத்தில் படமெடுத்த நாகம் போல ஒரு பாறைத்தூண். அமுன் தெய்வம் இந்த மலைக்குள் குடியிருக்கிறார் என்று எகிப்தியர்கள் கோயில் கட்டினார்கள். பேரரசு சுருங்கி அவர்கள் வீடு திரும்பிய பிறகும் அமுன் அங்கேயே இருந்துவிட்டார். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் எகிப்து சிற்றரசர்களாக உடைந்து கிடந்தபோது, இந்த மலையடி நகரமான நபட்டாவின் அரசர்கள் ‘உண்மையான அமுன் பக்தர்கள் நாங்கள்தான்’ என்று வடக்கே கிளம்பினார்கள்.

அதில் பியே மன்னரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் முதன்முதலாக ஒரு நுபியரே பேசுகிறார். மொழியும் எழுத்தும் எகிப்தியம்தான், குரல் அவருடையது. அவருடைய வெற்றிக்கல்லில் 159 வரிகள். தீப்ஸில் போருக்கு முன் வீரர்கள் ஆற்றில் குளித்து, சுத்தமாக உடுத்தி, அமுனை வணங்க வேண்டும் என்று கட்டளை. ஹெர்மோபொலிஸ் நகரத்தை முற்றுகையிட்டுப் பிடித்ததும் தோற்ற அரசன் நிம்லோத்தின் அரண்மனைப் பெண்களைக் காட்டுகிறார்கள், இவர் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே குதிரை லாயத்துக்குப் போகிறார். முற்றுகையில் குதிரைகள் பட்டினி கிடந்ததைக் கண்டு, நீ செய்த எல்லாக் குற்றத்திலும் இதுதான் பெரியது என்று கொதிக்கிறார். கடைசியில் சரணடைய வந்த அரசர்களில் மீன் தின்பவர்களை அரண்மனைக்குள்ளேயே விடவில்லை. நிம்லோத் மட்டும் மீன் சாப்பிடாதவர் என்பதால் உள்ளே போனார். எகிப்துக்கே ஆசாரம் கற்றுத்தருகிற தோரணை! குதிரைப் பாசம் வெறும் பேச்சில்லை. எல்-குர்ருவில் அவருடைய பிரமிடுக்கு அருகே அவருடைய குதிரைகளையும் நிற்க வைத்தே புதைத்திருக்கிறார்கள்.

இவர்கள்தான் எகிப்தின் 25-ஆம் அரசகுலம். பியேயின் மகன் தஹர்க்கா (கி.மு. 690–664) காலத்தில் இவர்களின் ஆட்சி மத்தியதரைக் கடல் முதல் இன்றைய சூடானின் உள்ளே வரை நீண்டது. விவிலியத்துத் திராக்கா இவர்தான். அவருடைய வீரர்கள் இரவில் எகிப்தின் பழைய தலைநகர் மெம்பிஸிலிருந்து பாலைவனம் வழியாக ஐந்து மணி நேரம் ஓடிப் பயிற்சி எடுத்ததைப் பாராட்டி அவர் ஒரு கல்வெட்டே வைத்தார். ஆனால் எதிரே வந்தது அசீரியா. இரும்பு ஆயுதமும் முற்றுகைப் பொறிகளும் வைத்திருந்த அன்றைய மிகக் கொடூரமான படை. கி.மு. 671-இல் அசீரிய அரசர் எசர்ஹத்தோன் மெம்பிஸைப் பிடித்தார். தஹர்க்காவை ஐந்து முறை அம்பால் காயப்படுத்தினேன் என்று கல்லில் எழுதி, பக்கத்தில் தன் காலடியில் கயிற்றால் கட்டிய கைதிகளையும் செதுக்க வைத்தார். கி.மு. 663-இல் அவர் மகன் அசூர்பனிபாலின் படை தீப்ஸைச் சூறையாடியது. நுபியர்கள் தெற்கே ஒதுங்கினார்கள்.

அசீரியர்கள் அகன்ற பிறகு எகிப்தை ஆண்ட வம்சத்துக்கு, நுபியர்கள் ஆண்ட நினைவே கசந்தது. கி.மு. 593-இல் இரண்டாம் சம்மெடிக்கின் படை நுபியாவுக்குள் புகுந்தது. அந்தப் படையில் இருந்த கிரேக்கக் கூலிவீரர்கள் அபு சிம்பெல் கோயில் சிலையின் காலில் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போனார்கள், நம்மூர் மலைக்கோட்டைகளில் காதலர்கள் கீறுவதுபோல. கெர்மாவுக்கு அருகே தூக்கிகெல் என்ற இடத்தில் ஷார்ல் போனே என்ற சுவிஸ் தொல்லியலாளரின் குழு ஒரு குழியைத் திறந்தது. அதுவும் அதே 2003-இல்தான். உள்ளே தஹர்க்கா முதல் அஸ்பெல்தா வரை ஐந்து அரசர்களின் ஏழு சிலைகள். எல்லாம் உடைந்த துண்டுகள். உடைத்தவர்கள் அந்தப் படையினராக இருக்க வேண்டும். யாரோ அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து மரியாதையோடு புதைத்திருக்கிறார்கள்.

அரசின் மையம் பிறகு இன்னும் தெற்கே, ஐந்தாம் ஆறாம் பாறைத்தடைகளுக்கு நடுவே மெரோவேக்கு நகர்ந்தது. இரும்பு உருக்கிய கசடு இன்றும் அங்கே மேடு மேடாகக் கிடக்கிறது. செங்குத்தான சிறு பிரமிடுகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணிக்கையில் நுபியப் பிரமிடுகள் எகிப்தை மிஞ்சும். 1834-இல் ஃபெர்லினி என்ற இத்தாலியர் அரசி அமானிஷகெட்டோவின் பிரமிடை உச்சியிலிருந்து இடித்து நகைகளை அள்ளிக்கொண்டு போனார். அவை இன்று மியூனிக்கிலும் பெர்லினிலும் இருக்கின்றன.

இந்த மெரோவேயின் அரசிகள்தான் கந்தாகேக்கள். எகிப்து ரோமின் கைக்குப் போனதும் வரிப் பிரச்சினை எல்லையில் வெடித்தது. கி.மு. 25-ஐ ஒட்டி நுபியப் படை அஸ்வான் பக்கத்து ஊர்களைத் தாக்கி, அகஸ்டஸ் சீசரின் சிலைகளைப் பெயர்த்துக்கொண்டு போனது. ஒற்றைக் கண்ணுள்ள ஆண்மை மிக்க பெண் என்று ரோமானியர் காலத்து எழுத்தாளர் ஸ்ட்ராபோ வர்ணிக்கும் அரசி, அமானிரெனாஸ் என்று கருதப்படுகிறார். ஆளுநர் பெட்ரோனியஸ் பதிலடியாக நபட்டா வரை போய் அழித்தார். பிறகு சமாதானப் பேச்சு. உங்கள் குறையைச் சீசரிடம் சொல்லுங்கள் என்றபோது, சீசர் யார், அவர் எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாதே என்றார்களாம் நுபியத் தூதர்கள். அவருடைய சிலையின் தலையை ஊரில் வைத்துக்கொண்டு! சாமோஸ் தீவில் அகஸ்டஸைச் சந்தித்து, வரியை ரத்து செய்ய வைத்துத் திரும்பினார்கள். அந்த வெண்கலத் தலை 1910-இல் மெரோவேயில் ஒரு கோயிலின் வாசற்படிக்கு அடியில் கிடைத்தது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் சீசரை மிதித்துக்கொண்டு போகட்டும் என்று புதைத்திருக்கிறார்கள்.

மெரோவே கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் ஓய்ந்தது. அந்த நேரம் இன்னொரு அண்டை அரசு எழுந்திருந்தது: அக்ஸும். அதுதான் இன்றைய எத்தியோப்பியா இருக்கும் இடத்து அரசு. அதன் மன்னர் எசானா தன் படையெடுப்பைக் கல்வெட்டில் பதிந்திருக்கிறார். அதற்குப் பிறகு நுபியர்கள் கிறித்தவ அரசுகளாகத் திரண்டார்கள். கி.பி. 652-இல் நுபியத் தலைநகர் டோங்கோலாவை முற்றுகையிட்ட அரபுப் படையின் பல வீரர்கள் நுபிய அம்புக்குக் கண்ணைப் பறிகொடுத்தார்கள், கடைசியில் உடன்படிக்கைதான். வில்லின் நாடு என்று பெயர் வைத்து மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

நுபியர்களின் சொந்த எழுத்து என்றேனே, அது மெரோவேயில் பிறந்ததுதான். 23 குறிகள். நமக்குப் புரியவைப்பது சுலபம்: மெய்க்குறியைத் தனியாக எழுதினால் அகரம் தானாக ஏறிக்கொள்ளும், க என்பது போல. வேறு உயிர் வேண்டுமென்றால் பின்னால் அதற்கான குறி. 1911-இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒலிகளை உடைத்துவிட்டார், எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். மொழிதான் பிடிபடவில்லை. பெயர்கள், பட்டங்கள், சில நூறு சொற்களுக்கு அப்பால் பொருள் இருட்டு. மெரோவேக்குப் பக்கத்தில் ஹமதாபில் 1914-இல் ஒரு பெரிய கல்வெட்டு கிடைத்தது. அதில் அமானிரெனாஸ் பெயர் இருக்கிறது, இளவரசர் அகினிதாத் பெயர் இருக்கிறது. ரோமுடன் நடந்த போரை நுபியர் தரப்பில் சொல்லும் கல்லாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வாசற்படியில் மிதிபட்ட அகஸ்டஸின் தலையும் இந்தக் கல்லும் இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கல்லை வரிக்கு வரி வாய்விட்டுப் படிக்கலாம். என்ன சொல்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.